தக்கை அசையும் வரை வாயைத் திறக்கக் கூடாது

தூண்டில் போடுகிறவருக்கு வேண்டிய மூலதனம் மண்புழுவும் பொறுமையும்தான் என்பார்கள். மண்புழுவையாவது எங்காவது தோண்டி எடுத்துவிடலாம், இரண்டாவது சரக்கு பால் பொங்கும் நேரத்துக்குக்கூட என்னிடம் கையிருப்பில் இருந்ததில்லை.

இருந்தும் நான் தூண்டில்காரி ஆனேன். காரணம் என் வீட்டுக்காரர். அவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். (வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர்.) இந்த வருஷம் கார்த்திகை மழை நன்றாகப் பெய்து, ஊருக்குக் கிழக்கே இருக்கும் கண்மாய் நிறைந்தது. ஊரில் பாதி ஆண்களுக்கு வந்த மீன் காய்ச்சல் இவருக்கும் வந்தது. போனிலேயே ஒரு தூண்டிலை வரவழைத்தார். ஒரே ஒரு காலை போனார். மூக்கு கன்றிச் சிவந்து திரும்பி வந்து, தூண்டிலை மாடியில் சாத்தினார். நான் அதில் துண்டு காயப் போட்டேன்.

"சும்மாவே உக்காந்திருக்கணும் போலிருக்கு. யாரால முடியும்?" என்றார்.

"கொடுங்க, நான் போறேன்" என்றேன். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சபதம் போட்டார்: "நீ ஒரே ஒரு மீனப் பிடிச்சிட்டு வா விஜயா. அத நானே கழுவி, நானே கொழம்பு வச்சு, பாத்திரத்தையும் நானே வெளக்கி வைக்குதேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் அடுப்படிக்குள் செய்த ஒரே காரியம், 'என்ன வாசனை வருது' என்று எட்டிப் பார்த்ததுதான். இந்தச் சபதத்தை நான் விடுவேனா? ஆனால் பங்குனி வெயில் வந்தால் எங்கள் கண்மாய் காய்ந்து வெடித்துவிடும். அதற்குள் ஒரு மீன் வேண்டும். தூண்டிலும் கையுமாகத் தேவுடு காத்துக் காத்து இடுப்பு பிடித்துப்போன என் இனத்தாரே, இனி வருவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேதனைதான்.

சொம்பு உட்கார்ந்த இடம்

முதல் நாள் போனபோது கரையில் ஒரே ஒரு நல்ல இடம்தான் இருந்தது. மடைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், உட்காரத் தோதாக ஒரு கல். அந்தக் கல்லின்மேல் ஒரு ஒடுங்கிப்போன எவர்சில்வர் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. யாரோ மறதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கரையில் இருந்த தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பெண்பிள்ளை தூண்டில் போடுவதைப் பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்து முறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நான் குக்கருக்குக் கேஸ்கட் வாங்குவதே அவரிடம்தான். வந்தவர் என்னைப் பார்த்தார், ஓரத்தில் கிடந்த சொம்பைப் பார்த்தார். பிறகு என் பக்கத்திலேயே வெயிலில் நின்றுகொண்டார். நிற்கிறார், நிற்கிறார், நகரவே இல்லை. "என்ன அண்ணாச்சி, சொம்பத் தேடுதீங்களா? அந்தா கிடக்கு பாருங்க" என்றேன்.

அண்ணாச்சி ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "தங்கச்சி, அது சொம்பு இல்ல. அது நான்."

வெனிலா வாசனை

மீனுக்கு என்ன இரை வைப்பது என்று கேட்டால், கரையில் ஆளுக்கு ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். ஜெராக்ஸ் கடை செல்வம் இருக்கிறானே, அவன் தூண்டில் பாடமெல்லாம் யூடியூபில் படித்தவன். கறுப்புக் கண்ணாடி, பல பைகள் வைத்த சட்டை, சுழற்றினால் கிர்ரென்று சத்தம் போடும் ரீல் என்று எல்லாம் உண்டு. மீன் மட்டும் கிடையாது. அவன்தான் எனக்கு மூத்த குரு. "ஆன்ட்டி, மைதா மாவுல கொஞ்சம் வெனிலா எசன்ஸ் விட்டு, வெல்லம் போட்டு, நெய் தடவி உருட்டுங்க. மீனு வரிசையில நிக்கும்" என்றான். என் வயதுக்காரியை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவன் சொல்வதை நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன். பிசைந்தேன். வீட்டில் யாருக்கும் இப்படி நெய் விட்டுப் பிசைந்ததில்லை.

டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கிடா, டப்பாவுக்குள் மூஞ்சியை விட்டு, கடைசி உருண்டையை நக்கிக்கொண்டிருக்கிறது. கெங்கம்மாவின் கிடா. கெங்கம்மா ஆடு மேய்க்க வருகிறவள். மேய்ச்சலோடு மேய்ச்சலாக ஒரு கம்பில் நரம்பைக் கட்டி, சோளத்தட்டைத் துண்டைத் தக்கையாக மிதக்க விட்டு மீனும் பிடிப்பாள். வாயில் வெற்றிலை, ஒரு கண் ஆட்டின்மேல், இன்னொரு கண் தக்கையின்மேல். நான் கிடாவைத் துரத்தத் துரத்த அது என்னைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது.

கெங்கம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "வையாத தாயி. நாளைக்கும் இதே பக்குவத்துல பெசஞ்சு கொண்டா. ரெண்டு நாளா இரையெடுக்காமக் கெடந்துச்சு, இப்பத்தான் வாய் வச்சிருக்கு."

குளிர்பெட்டியில் குடியிருப்பு

அப்புறம் மண்புழுவுக்கு மாறினேன். கரிசல் மண்ணில் புழு தோண்டுவது என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரமாக இருந்தால் மண் செருப்போடு சேர்ந்து வந்துவிடும், கால் ஒவ்வொன்றும் அம்மிக்கல்லாகிவிடும். காய்ந்திருந்தால் கடப்பாரை துள்ளித் திரும்பி வரும். நான் பாத்திரம் விளக்கும் தண்ணீர் பாயும் வாழையடியில்தான் கொஞ்சம் கிடைத்தது. தோசை திருப்பும் கரண்டியால் தோண்டி, இடுக்கியால் எடுத்தேன். கான்வென்டில் தையலுக்குப் பரிசு வாங்கிய கை, புழுவைத் தொட மாட்டேன் என்றது.

தினமும் தோண்ட முடியாதல்லவா? "ஃப்ரிட்ஜுல வச்சா ஒரு வாரத்துக்குச் சாகாது ஆன்ட்டி" என்று செல்வம் சொன்னான். அதன்படி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரமண் போட்டுப் புழுக்களை விட்டு, மூடியில் காற்றுக்கு ஓட்டை குத்தி, மேல்தட்டில் மல்லித்தழைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த வீட்டுக்காரர் பசியோடு ஃப்ரிட்ஜைத் திறக்கிற சத்தம் கேட்டது. டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்பூன் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

கடைசியில் அவர் குரல் மட்டும் மெதுவாக வந்தது: "விஜயா... சேமியா நகருது."

சாளை வந்த பாதை

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற அவமானம் எனக்கு மட்டும் சொந்தமில்லை. நானாவது, "மீன்காரம்மா வந்தாச்சா? உல வைக்கட்டா?" என்கிற வீட்டுக்காரர் கேலியைக் கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் குளித்துவிடுவேன். செல்வத்துக்கு வீட்டில் அது செல்லாது. அந்த ரீலை வாங்குவதற்காக அவன் மனைவியிடம் சொன்ன பொய்கள் ஒரு கூடை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு மீனில்லாமல் வாசலை மிதித்தால் ரீல் தெருவுக்கு வந்துவிடும் என்கிற நிலைமை. பையன் நேரே மார்க்கெட்டுக்குப் போய்விட்டான்.

மார்க்கெட்டுக்குப் போனவன் ஒரு கெண்டையோ கெளுத்தியோ வாங்கியிருக்கலாம். பளபளவென்று இருக்கிறதே என்று சாளையை வாங்கிவிட்டான். கரையில் அத்தனை மாதம் உட்கார்ந்தும் கண்மாய் மீன் எது கடல் மீன் எது என்று பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை, பாவம். அவன் மனைவி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண். பையை வாங்கிப் பிரித்தவள் கோபமே படவில்லையாம். அடுத்த வாரம் அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் கேட்டது இவ்வளவுதான்: "நீங்க பிடிச்சீங்கன்னே வச்சுக்கிடுதேன். இந்தச் சாளை தூத்துக்குடியிலருந்து நம்ம கம்மாய்க்கு நீந்தி வந்துச்சா, பஸ்ஸுல வந்துச்சா?"

சட்டிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் போட்டி நடக்கும். பரிசு ஒன்றும் கிடையாது. ஜெயித்தவர் அடுத்த ஞாயிறு வரை மற்றவர்களுக்குப் புத்தி சொல்லலாம், மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். நடுவர் அண்ணாச்சி. அவர் தராசில் நிறுக்க மாட்டார், அளவுகோல் வைக்க மாட்டார். மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "இது தாளிப்புக் கரண்டிக்கு", "இது சின்ன வாணலிக்கு", "இது மூடி போட்ட சட்டிக்கு" என்று தீர்ப்பு சொல்வார். கடையில் அத்தனை வருஷம் உட்கார்ந்த கண். அப்பீலே கிடையாது.

ஒரு நாள் செல்வத்தின் தூண்டிலில் ஏதோ மாட்டி, கரைக்கு வரும் முன்பே அறுத்துக்கொண்டு போய்விட்டது. "விரால் ஆன்ட்டி! ஒரு வாணலி நெறயும்!" என்றான். டீ வந்தபோது அது குத்துப்போணிக்கு வளர்ந்திருந்தது. வெயில் ஏறும்போது இட்லிக் கொப்பரைக்கு வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது, கல்யாண வீட்டு அண்டாவில்கூட வால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று அண்ணாச்சியிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

கெங்கம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டே என் காதில் போட்டுவிட்டுப் போனாள்: "தண்ணியில கெடக்குற மீனு எங்க தாயி வளருது? தப்பிச்ச மீனுதான் இவிய வாயிலயே வளருது."

முதல் பிடிப்பு

என் கோளாறு அவசரம். தக்கை லேசாக நடுங்கினாலே போதும், கிணற்றுக்குள் விழுந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் வெடுக்கென்று இழுத்துவிடுவேன். புழு ஒரு பக்கம் பறக்கும், முள் ஒரு பக்கம் பறக்கும். "கம்பத் தாழ்த்திப் பிடிங்க தங்கச்சி" என்பார் அண்ணாச்சி. "தூக்கிப் பிடிங்க ஆன்ட்டி" என்பான் செல்வம். "மொத இழுப்புல மீனு மோந்துதான் பாக்கும், ரெண்டாவதுல ருசி பாக்கும், அதுக்கப்புறம் வெட்டி இழு" என்பாள் கெங்கம்மா. அவள் சொன்னபடி காத்திருந்தும் பார்த்தேன். எங்கள் கண்மாய் மீன்கள் மோந்து, ருசி பார்த்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டும் போய்விட்டன. முள் புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளிச்சென்று வந்தது. இதற்கெல்லாம் மேலே, எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பேசக் கூடாது என்றார்கள். கான்வென்டில் வகுப்பில் பேசியதற்காகப் பெஞ்சின்மேல் நின்று நின்று, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அதிக உயரத்திலிருந்து பாடம் படித்தவள் நான். என்னைப் போய்!

அன்றைக்கு எல்லா அறிவுரையையும் ஒன்றாகக் கலந்து, கம்பைத் தாழ்த்தி, பிறகு தூக்கி, மூச்சைக்கூட விடாமல் காத்திருந்து, வெட்டி இழுத்தேன். கனமாக எதுவோ வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து, "மாட்டிக்கிட்டு!" என்று கத்திக்கொண்டே முழுப் பலத்தோடு வீசினேன். பின்னால் பறந்த முள்ளில் மாட்டியிருந்த அண்ணாச்சியின் தோள் துண்டு, கொடிபோல் விரிந்து பறந்து, கண்மாயின் நடுவில் போய் விழுந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க முழுகியது. வேட்டி தப்பியது ஆண்டவன் செயல்.

அண்ணாச்சி வெறும் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பரவாயில்ல தங்கச்சி. வந்ததுக்கு ஒண்ணாவது மாட்டுச்சே."

மூன்று குரு, ஒரு மீன்

பங்குனி பிறந்துவிட்டது. தண்ணீர் சுருங்கி, கரையோரமெல்லாம் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்மாய் மீனை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் அடுத்த வாரம் வலையோடு இறங்கப் போகிறார் என்றார்கள். வீட்டில் ஒரு மனிதர், "பொழச்சேன்டா சாமி" என்று விசில் அடிக்க ஆரம்பித்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூண்டில் கம்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, இனிமேல் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் ரீலைப் பிடுங்கிக் கண்மாயில் எறிவேன் என்று செல்வத்தை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காலுக்கடியில் கம்பு நகர்ந்தது. எடுத்தேன். தாழ்த்தவில்லை, தூக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. திரும்பி நின்று, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கரைமேல் ஏறி, அந்தப் பக்கச் சரிவிலும் இறங்கி ஓடினேன். நின்று பார்த்தால், பின்னாலேயே மண்ணில் புரண்டு வந்திருக்கிறது ஒரு ஜிலேபிக் கெண்டை! என் உள்ளங்கையைவிடப் பெரிது. நான் போட்ட கூச்சலில் ஆடுகள் நாலு பக்கமும் சிதறின.

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மூடி போட்ட சட்டிக்கு" என்று தீர்ப்பளித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் இடியைப் போட்டார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டாம். ஒருவர் பிடிக்கிற முதல் மீன், அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் போக வேண்டுமாம். "எடம் விட்டுக் கொடுத்தது நான்" என்றார் அண்ணாச்சி. "இரை சொன்னது யாரு?" என்றான் செல்வம். "சும்மா கெடங்கய்யா, எங்க கெடா திங்காம விட்டதாலதான இன்னிக்குப் புழு மிச்சம்" என்றாள் கெங்கம்மா. நான் மீனை முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். இது வெறும் மீனா? இது என் வீட்டுக்காரர் விளக்கப் போகிற பாத்திரம்! என் சபதக் கதையை அழாத குறையாக அவர்களிடம் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சிதான் வழி சொன்னார்: "மீன நீங்களே கொண்டு போங்க தங்கச்சி. தட்சிணைய நாங்க கொழம்பா வாங்கிக்கிடுதோம். இப்பவே கூட வாரோம், அவிய சமைக்குறத நாங்களும் பாக்கணும்லா?"

அடுப்படிக் கரையில்

வீட்டுக்காரர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற மூன்று சாட்சிகளைப் பார்த்தார். தப்ப வழியில்லை. "சரி. ஆனா யாரும் அடுப்படிக்குள்ள வரக் கூடாது, ஒரு வார்த்த பேசக் கூடாது" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் நால்வரும் கூடத்தில் வரிசையாக, கரையில் உட்காருவதுபோலவே உட்கார்ந்து, அடுப்படி வாசலையே பார்த்தோம். "விஜயா, மீனுக்குச் செதில் எந்தப் பக்கம்?" என்று குரல் வந்தது. "ஸ்ஸ்ஆ" என்று முள் குத்திய சத்தம் வந்தது. "கடுகு எங்க?" "புளி எங்க?" "இந்த டப்பாவுல என்ன? நகருமா?" குடத்திலிருந்து தண்ணீர் சரிக்கிற சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் வரும் ஊரில், நான் பிடித்து வைத்திருந்த குடமெல்லாம் ஒரு ஜிலேபிக் கெண்டையின் தலைமேல் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். அண்ணாச்சி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சத்தம் காட்டாதீங்க தங்கச்சி, கலஞ்சு ஓடிரப் போறாரு" என்றார். கெங்கம்மா, "இப்பத்தான் மோந்து பாக்காரு" என்றாள்.

மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் வந்தது. குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது, ஆனால் குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு விள்ளல் மீனும் ஒரு குத்துச் சோறுமாகச் சாப்பிட்டு, குருமார்கள் மூவரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள். அடுப்படியில் இட்லிக் கொப்பரை முதல் டீ வடிகட்டி வரை எல்லாப் பாத்திரமும் அழுக்காகிக் கிடந்தது. சொன்ன வாக்குத் தவறாமல், மனிதர் அத்தனையையும் விளக்கினார். விளக்கிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை என் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருசமா அந்தக் கத்துக் கத்துத?"

ஆகவே, தூண்டிலும் கையுமான என் சகோதர சகோதரிகளே, மீனுக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும் என்பதெல்லாம் சும்மா, ஏனென்றால் எந்த மீனும் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி 'கடுகு எங்க?' என்று கேட்பதில்லை.